கல், தாள், கத்தரிக்கோல்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பொத்திய கை கல். விரித்த கை தாள். இரண்டு விரல் நீட்டினால் கத்தரிக்கோல். கல் கத்தரிக்கோலை உடைக்கும், கத்தரிக்கோல் தாளை வெட்டும், தாள் கல்லை மூடும். எல்லாரையும் வெல்லும் கை இந்த விளையாட்டில் கிடையாது.

இதே கணக்கைச் சீனத்தின் விலங்குப் பலகை விளையாட்டான டௌ ஷௌ ச்சீயிலும் காணலாம். 63 கட்டங்கள், ஆளுக்கு எட்டு விலங்குகள். பெரியது சிறியதைப் பிடிக்கும். ஆனால் எல்லாவற்றிலும் சிறிய எலி, யானையைப் பிடித்துவிடும். பலகை என்று வந்ததும் இடமும் கணக்கில் சேர்கிறது. ஆற்றில் இறங்க எலியால் மட்டுமே முடியும். எதிராளியின் பொறிக் கட்டத்தில் கால் வைத்த யானையை எந்தச் சிறு விலங்கும் பிடிக்கலாம்.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதை ஓர் ஆய்வும் காட்டியது. பெஞ்சமின் கேரும் அவருடைய குழுவினரும் 2002இல் 'நேச்சர்' சஞ்சிகையில் அதை வெளியிட்டார்கள். ஈ. கோலை பற்றீரியாவில் மூன்று வகைகளை எடுத்தார்கள். ஒன்று நஞ்சு சுரக்கும். இன்னொன்று அந்த நஞ்சுக்கு இறந்துவிடும். மூன்றாவது நஞ்சைத் தாங்கும். நஞ்சுள்ளது இரண்டாவதைக் கொல்லும். தாங்கும் வகை நஞ்சுள்ளதைவிட விரைவாகப் பெருகும். நஞ்சுக்கு இறக்கும் வகையோ, நஞ்சில்லாத இடத்தில் தாங்கும் வகையை முந்திவிடும். அதே கல், தாள், கத்தரிக்கோல்தான்.

மூன்றையும் ஒரே குடுவையில் இட்டுக் குலுக்கி வளர்த்தபோது தாங்கும் வகை மட்டுமே மிஞ்சியது. பெத்திரிக் கிண்ணத்தில் அவை தத்தம் அயலோடு வளர்ந்தபோது மூன்றும் நிலைத்தன. உயிர்கள் அவைதான், அவற்றின் குணமும் அதுதான். வளர்ந்த இடம் மட்டும் வேறு.

எங்கள் பாடசாலைகள் எது, குடுவையா கிண்ணமா? உயர்தரப் பெறுபேறு வந்ததும் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தெரிவானவர்களின் படங்களை வாயிலில் தொங்கவிடுகிறோம். இன்று என்னை மேடைக்கு அழைத்ததற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன். நன்றாகப் பாடியவளும், வலைப்பந்தில் எங்களை வெல்ல வைத்தவளும், வர்த்தகம் படித்து இன்று பத்துப் பேருக்கு வேலை கொடுப்பவளும் இதே மண்டபத்தில் கீழே அமர்ந்திருக்கிறார்கள்.

நூற்றாண்டு நிதியிலிருந்து புலமைப்பரிசில் வழங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். விஞ்ஞானப் பிரிவுக்கு மட்டும் என்று அதை எழுதிவிட வேண்டாம். கலைக்கும் வர்த்தகத்துக்கும் சங்கீதத்துக்கும் விளையாட்டுக்கும் அதில் பங்கு இருக்கட்டும். புள்ளி குறைந்த பிள்ளைக்கும் இந்தப் பாடசாலையில் தனக்கென்று ஒரு மூலை இருக்கிறது என்று தெரியட்டும். உலகெங்கும் இருந்து நிதி அனுப்பும் சகோதரிகளிடம் நான் கேட்பதும் இதையே.

நூறு கண்ட எங்கள் கலைக்கூடம் இன்னும் நூறு காண வாழ்த்தி அமைகிறேன்.