கொடியும் கொடிவழியும்



தமிழில் 'கொடி' என்னும் சொல் இரு பொருள் பயக்கும். படர்வதும் கொடி, பறப்பதும் கொடி. ஒரு குலத்தின் மரபு வரிசை 'கொடிவழி' எனப்படும்; அக்குலத்தின் சின்னத்தைத் தாங்கி நிற்பதும் கொடியே. அயல்நிலத்திலிருந்து வந்த குடியொன்று வந்த மண்ணுக்கே உரிய குடியாக மாறும் வகையை அறிய விழைவோர், இவ்விரண்டையும் ஒருசேர நோக்குதல் வேண்டும்.

உருசிய நாடக ஆசிரியர் தெனீஸ் ஃபொன்வீசின் (1745–1792) பெயரை இலக்கிய அன்பர்கள் அறிவர். அது 'ஃபொன் வீசன்' என்னும் செருமானியக் குடிப்பெயரின் உருசிய வடிவம். லிவோனியப் போரில் (1558–1583) சிறைப்பட்டு மாஸ்கோவுக்கு வந்த செருமானிய வீரர் ஒருவரே அக்குடியின் முன்னோர் என்பர். செருமானிய உயர்குடியின் அடையாளமான 'ஃபொன்' காலப்போக்கில் பெயரோடு கலந்து உருசியச் சொல்லாகவே ஆகிவிட்டது. 1797-இல் பேரரசர் முதலாம் பவுல், உருசிய உயர்குடிகளின் இலச்சினைகளை ஒரே வரிசையில் தொகுக்க ஆணையிட்டார். செருமானிய வழிவந்த குடிகள் பல அத்தொகுப்பில் இடம்பெற்றன. இலச்சினை ஏற்கப்பட்டபோது குடியும் ஏற்கப்பட்டது.

இத்தகைய வரலாற்றைக் காண உருசியா வரை செல்ல வேண்டியதில்லை. பென்னலூர் அடங்கிய தொண்டை மண்டலத்தின் தலைநகராகிய காஞ்சியிலேயே அது கல்லில் உள்ளது. வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் பல்லவர் கொடிவழி முழுவதும் சிற்ப வரிசையாக அமைந்திருக்கிறது. அச்சிற்பங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து பொருள் கண்டவர் முனைவர் சி. மீனாட்சி. அவர் 1940-இல் இளவயதிலேயே மறைந்தார். அவருடைய ஆய்வு மறு ஆண்டு, 1941-இல், தொல்லியல் துறையின் வெளியீடாக வந்தது.

ஏறத்தாழ 731-இல் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தான். அரியணைக்கு உரியவர் இல்லை. நாடு தலைவனின்றித் தவித்தது. மகாமாத்திரர்களும் கடிகையாரும் மூலப்பிரகிருதியாரும் கூடி, இரணியவர்மனிடம் சென்று ஓர் அரசனை வேண்டினர். அவனுடைய மைந்தர் நால்வருள் மூவர் மறுத்தனர். பன்னிரண்டு அகவையினனான பல்லவமல்லன் மட்டும் 'நான் செல்வேன்' என்றான். அச்சிறுவன் வந்த நாடு எது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. கடல் கடந்த நாடு என்பாரும் உளர். உள்நாடே என்பாரும் உளர். ஆயினும் காஞ்சிக்கு அவன் புதியவன் என்பதில் ஐயமில்லை.

அவன் பல்லவனான விதத்தைச் சிற்பங்களின் கீழுள்ள தமிழ் வாசகங்கள் கூறுகின்றன. நந்திவர்மன் என்னும் பெயரோடு அவனுக்கு முடிசூட்டினர். விடை முத்திரை, கட்டுவாங்கக் கொடி, கடுமுக வாத்தியம், சமுத்திரகோஷம் என்னும் அரச சின்னங்கள் அவனுக்கு உரியவாயின. 'நந்தி' என்னும் பெயரிலேயே விடை இருப்பது கருதத்தக்கது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நந்திவர்மன் திருமாலடியான், திருமங்கையாழ்வாரால் பரமேச்சுர விண்ணகரம் என்று பாடப்பெற்ற இக்கோயிலைக் கட்டியவனும் அவனே. ஆனால் விடையும் கட்டுவாங்கமும் சிவனுக்குரிய சின்னங்கள். அவற்றை அவன் மாற்றவில்லை. சின்னம் தனிமனிதனின் சமயத்தைச் சார்ந்ததன்று, குலத்தைச் சார்ந்தது என்பதை அவன் உணர்ந்திருந்தான். வந்தவன் தன் சின்னத்தைத் திணிக்காமல், இருந்த சின்னத்தை ஏற்றுக்கொண்டான்.

கொடிவழியின் செய்தி இன்னும் வியப்புக்குரியது. நந்திவர்மனின் 21-ஆம் ஆட்சியாண்டுக்குரிய உதயேந்திரப் பட்டயம் அவனைப் பரமேசுவரவர்மனின் மகன் என்கிறது. 22-ஆம் ஆட்சியாண்டின் காசக்குடிப் பட்டயமோ, சிம்மவிட்டுணுவின் தம்பியாகிய பீமவர்மன் வழியில் புத்தவர்மன், ஆதித்தவர்மன், கோவிந்தவர்மன், இரணியன் ஆகியோரை வரிசைப்படுத்தி, அதன்பின் இவனை வைக்கிறது. குடிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்றும் வெளிப்படையாகக் கூறுகிறது. உதயேந்திரப் பட்டயத்தின் எழுத்தமைதி பிற்காலத்தது என்பது அறிஞர் கருத்து. ஆகவே ஒரே மன்னனுக்கு இரண்டு தந்தையர் நேர்ந்த இம்முரண் பிற்காலத்தார் கைவண்ணமாகவும் இருக்கலாம்.

இவ்விரு பட்டயங்களின் புகழ்மொழிகளையும் இயற்றியோர் புலவர்கள். நான்முகனிலிருந்து அங்கிரசு, பிரகசுபதி, சம்யு, பரத்துவாசர், துரோணர், அசுவத்தாமன் என இறங்கி வரும் தொன்மக் கொடிவழியைப் பாடியவர்களும் புலவர்களே. தளிர்ப் படுக்கையில் கிடந்தமையால் குழந்தை 'பல்லவன்' எனப் பெயர் பெற்றான் என்கிறது அமராவதிக் கல்வெட்டு. சோழனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த மகனைத் தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விட, திரை அவனைக் கரை சேர்த்தது என்று இளந்திரையன் வரலாற்றை உரைக்கிறார் நச்சினார்க்கினியர். கதைகள் வேறாயினும் கருத்து ஒன்றே: தொண்டை மண்டலத்தின் தலைக்குடிகள் வெளியிலிருந்து வந்தோராகவே பாடப்பட்டனர். அதைப் பாடியோர் இழிவாகக் கருதவில்லை.

புலவர் மன்றத்தார் சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. கொடிவழி பாடும் கவிஞனுக்கு இரு வழிகள் உண்டு. வந்தவனை இங்கேயே பிறந்தவன் என்று பொய்யாகப் பாடலாம். 'இவன் வந்தவன், மக்கள் இவனை ஏற்றனர்' என்று மெய்யாகவும் பாடலாம். காசக்குடிப் புலவரும் காஞ்சிச் சிற்பியும் இரண்டாவது வழியைத் தேர்ந்தனர். சிறுவன் அழைத்துவரப்பட்ட காட்சியை மறைக்காமல், எல்லோரும் வலம்வரும் திருச்சுற்றிலேயே செதுக்கி வைத்தனர். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட மன்னனுக்கு அம்மெய்யால் ஒரு குறையும் நேரவில்லை.

இன்று திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. ஒடிசா, பீகார், அசாம் எனப் பல நிலங்களிலிருந்து குடும்பங்கள் வந்து வாழ்கின்றன. அவர்களுக்குப் பட்டயமில்லை, விடை முத்திரையும் இல்லை. அவர்தம் பிள்ளைகள் ஊர்ப் பள்ளியில் அகரம் எழுதுகின்றனர். பன்னிரண்டு அகவைச் சிறுவனொருவனை அழைத்துவந்து தன்னவனாக்கிக்கொண்ட மண் இது. அப்பிள்ளைகளின் கொடிவழியை எழுதப்போகும் கவிஞர்கள், காஞ்சித் திருச்சுற்றை ஒருமுறை வலம்வந்து பின் எழுதுகோலை எடுப்பார்களாக.