பி.டி.எப். கோப்பில் தமிழ் எழுத்து சிதைவது ஏன்?



ஆலயத் திருவிழா அழைப்பிதழ், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், சங்கத்தின் ஆண்டறிக்கை, எழுத்தாளரின் புத்தகம் என எதுவானாலும் கணினியில் தட்டெழுதி, பி.டி.எப். கோப்பாக மாற்றி, மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்புவது இன்று வழக்கமாகிவிட்டது. தட்டெழுதியவரின் திரையில் எல்லாம் அழகாகவே இருக்கும். அச்சகத்தில் திறந்து பார்த்தால் தமிழ் இருந்த இடத்தில் வெறும் கட்டங்கள். அல்லது பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியல். பக்கத்தின் கடைசி வரிகள் காணாமல் போயிருப்பதும் உண்டு.

கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் வைரஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கோப்பு உருவாக்கப்பட்ட விதத்தில்தான் கோளாறு இருக்கிறது. காரணம் தெரிந்துவிட்டால் சரிசெய்வது கடினமில்லை.

பி.டி.எப். என்பது என்ன?

அடோபி நிறுவனம் அக்ரோபேட் மென்பொருளோடு 1993-இல் வெளியிட்ட கோப்பு வகை இது. 2008-இல் அனைத்துலகத் தர நிர்ணய அமைப்பு இதை ஐ.எஸ்.ஓ. 32000 என்ற பொதுத் தரமாக ஏற்றுக்கொண்டது. இன்று எந்த நிறுவனத்தின் மென்பொருளும் பி.டி.எப். கோப்பை உருவாக்க முடிகிறது.

வேர்ட் கோப்பை ஒருவருக்கு அனுப்புவது, சமையல் குறிப்பை எழுதிக் கொடுப்பது போன்றது. பெறுபவரின் வீட்டில் அதே சாமான்கள் இருந்தால்தான் அதே சுவை வரும். பி.டி.எப். அனுப்புவது, சமைத்த உணவைத் தூக்குச் சட்டியில் அடைத்துக் கொடுப்பது போன்றது. ஆனால், அடைக்கும்போது குழம்பை மறந்துவிட்டால், பெறுபவர் தம் வீட்டில் இருப்பதை ஊற்றிச் சாப்பிட வேண்டியதுதான். இங்கே குழம்பு என்பது எழுத்துரு.

முதல் காரணம்: எழுத்துரு உள்ளே இல்லை

பக்கத்தில் பயன்படுத்திய எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே சேர்த்து வைப்பதை உட்பொதித்தல் என்பார்கள். உட்பொதிக்காமல் விட்டால், திறக்கும் கணினி தன்னிடம் உள்ள வேறோர் எழுத்துருவை அந்த இடத்தில் போடும். அதில் தமிழ் இல்லையென்றால் கட்டங்கள்தான் வரும். தட்டெழுதியவரின் கணினியில் மட்டும் சரியாகத் தெரிவதற்குக் காரணம், அந்த எழுத்துரு அங்கே ஏற்கெனவே பதியப்பட்டிருப்பதே.

இதைச் சோதிப்பது எளிது. கோப்பை அக்ரோபேட் ரீடரில் திறந்து, கண்ட்ரோல் விசையோடு டி விசையை அழுத்தினால் கோப்பின் விவரம் வரும். அதில் ஃபாண்ட்ஸ் என்ற பகுதியைப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் எழுத்துருவின் பெயருக்கும் பக்கத்தில் எம்பெடட் அல்லது எம்பெடட் சப்செட் என்று இருந்தால் கவலையில்லை. தமிழ் எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் இல்லையென்றால் கோப்பை அனுப்பக் கூடாது.

வேர்டில் சேவ் ஆஸ் சென்று, பி.டி.எப். வகையைத் தேர்ந்தெடுத்து, ஆப்ஷன்ஸ் பொத்தானை அழுத்தினால் பி.டி.எப்./ஏ என்ற தேர்வு இருக்கும். நீண்டகாலம் பாதுகாக்க வேண்டிய ஆவணங்களுக்காக 2005-இல் வந்த தரம் அது. எழுத்துருவை உட்பொதிப்பது அந்தத் தரத்தில் கட்டாயம். அதில் ஒரு குறி இட்டுவிட்டால் பாதிக் கவலை தீரும்.

சில எழுத்துருக்களை உருவாக்கியவர்கள், உட்பொதிக்க அனுமதி இல்லை என்று எழுத்துருவுக்குள்ளேயே குறித்து வைத்திருப்பார்கள். அப்போது வேர்ட் அந்த எழுத்துகளைப் படமாக மாற்றிவிடக்கூடும். பெரிதாக்கிப் பார்த்தால் ஓரங்கள் கரடுமுரடாகத் தெரியும். அனுமதியுள்ள வேறோர் எழுத்துருவுக்கு மாறுவதே இதற்கு வழி.

அக்ரோபேட்டை விலைக்கு வாங்கிப் பயன்படுத்துவோர் வேறொரு சிக்கலைச் சந்திப்பதுண்டு. அடோபி பி.டி.எப். என்ற அச்சுப்பொறிக்கு அனுப்பியதும், எழுத்துருக்களையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்து வேலை நின்றுவிடும். அந்த அச்சுப்பொறியின் அமைப்புப் பகுதியில், கணினியின் எழுத்துருக்களை மட்டும் நம்பு என்ற பொருளில் ஒரு கட்டம் குறியிடப்பட்டிருக்கும். அந்தக் குறியை எடுத்துவிட்டால் போதும்.

இரண்டாவது காரணம்: பழைய குறியீடு

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. யூனிகோட் பரவலாவதற்கு முன்பு, ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் ஒதுக்கிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தே எழுத்துருக்கள் உருவாயின. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வரிசையில் வைத்தது. சிங்கப்பூரில் 1997-இல் நடந்த கருத்தரங்கு முதல், 2001-இல் கோலாலம்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாடு வரை, எழுத்துக் குறியீட்டுத் தரம் பேசுபொருளாக இருந்ததற்குக் காரணம் இதுவே.

அப்படிப்பட்ட எழுத்துருவில் தட்டெழுதிய கட்டுரை, கண்ணுக்குத் தமிழ். கணினிக்கு அது உரோமன் எழுத்தும் குறியும்தான். எழுத்துரு விலகியதும் உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிடுகிறது. பேஜ்மேக்கரில் உருவான பழைய மலர்களையும் நூல்களையும் வைத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும். டைப் 1 என்ற பழைய எழுத்துரு வகைக்குத் தந்துவந்த ஆதரவை அடோபி தன் வடிவமைப்பு மென்பொருள்களில் 2023 ஜனவரியில் நிறுத்திவிட்டது. ஏற்கெனவே உட்பொதிந்த கோப்புகள் தொடர்ந்து தெரியும். புதிய வேலைக்கு அந்த எழுத்துருவைப் பயன்படுத்த இயலாது. குறியீடு மாற்றும் மென்பொருள் கொண்டு மூலத்தை யூனிகோட்டுக்கு மாற்றி, ஒருமுறை பிழைதிருத்திவிட்டுப் பிறகு பி.டி.எப். எடுப்பதே பாதுகாப்பு.

கோப்பே உருவாகவில்லை என்றால்

முதலில், அதே பெயரில் உள்ள பழைய பி.டி.எப். வேறு சாளரத்தில் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறந்திருக்கும் கோப்பின் மேல் புதியதை எழுதக் கணினி மறுக்கும். அடுத்து, வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படங்கள் நிறைந்த மலரை மாற்றும்போது தற்காலிகக் கோப்புகள் நிறைய இடம் பிடிக்கும்.

இரண்டும் சரியென்றால், பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்கலாம். 80 பக்க மலர் என்றால் முதல் 40 பக்கங்களை மட்டும் மாற்றிப் பாருங்கள். அது சரியாக வந்தால் கோளாறு அடுத்த 40-இல் இருக்கிறது. அதையும் 20, 20 ஆகப் பிரியுங்கள். ஆறேழு முறைக்குள் சிக்கலான ஒரே பக்கம் அகப்பட்டுவிடும். பெரும்பாலும் அதில் பழுதான ஒரு படமோ, எங்கிருந்தோ ஒட்டிய ஓர் அட்டவணையோ இருக்கும்.

ஓரம் வெட்டுப்படுவதற்குத் தாள் அளவே காரணம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் புழங்குவது 210-க்கு 297 மில்லிமீட்டர் அளவுள்ள ஏ4 தாள். அமெரிக்க லெட்டர் தாளின் அளவு 216-க்கு 279. மென்பொருளோ அச்சுப்பொறியோ லெட்டர் அளவில் அமைந்திருந்தால் உயரத்தில் 18 மில்லிமீட்டர் குறையும். கடைசி வரிகள் காணாமல் போவது அங்கேதான். இரண்டிலும் ஏ4 என்று அமைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

அச்சிடுவதா, சேமிப்பதா?

விண்டோஸ் 10 வெளிவந்த 2015 முதல், பி.டி.எப். எடுக்கும் அச்சுப்பொறி ஒன்று விண்டோஸிலேயே இருக்கிறது. எந்த மென்பொருளிலிருந்தும் அதற்கு அனுப்பலாம். ஆனால், அச்சு வழியாக எடுத்த கோப்பில் இணைய இணைப்புகளும் தலைப்பு அடையாளங்களும் பொதுவாக மறைந்துவிடும். மென்பொருளிலேயே பி.டி.எப். ஆகச் சேமிக்கும் வசதி இருந்தால் அதையே முதலில் பயன்படுத்த வேண்டும். வேர்ட் 2010 முதல் அது உடன்வருகிறது. இலவசமான ஓப்பன் ஆபிஸில் 2003 முதலே அந்த வசதி உண்டு. அதன் வழிவந்த லிப்ரே ஆபிஸிலும் உண்டு. ஒரு வழி தோற்றால் மறுவழியை முயலலாம்.

கண்ணுக்குச் சரி, கணினிக்குச் சரியா?

இனிச் சொல்வதுதான் மிக முக்கியமானது. எழுத்துரு உட்பொதிந்து, பக்கம் அழகாகத் தெரிந்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. பி.டி.எப். கோப்பு எழுத்தின் வடிவங்களை, பக்கத்தில் அவை நிற்கும் இடத்தோடு வைத்திருக்கிறது. கோலாலம்பூர் என்ற சொல்லின் முதல் எழுத்து, யூனிகோட்டில் ககரமும் ஓகாரக் குறியும். பக்கத்தில் அது இரட்டைக் கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டுகளாக நிற்கிறது. கோப்பை உருவாக்கிய மென்பொருள் சரியான குறிப்பைச் சேர்க்காவிட்டால், தேடும்போது கோலாலம்பூர் அகப்படாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளுக்கும் அந்தச் சொல் உளறலாகவே கேட்கும்.

ஒரு தமிழ்ப்பள்ளியின் வரலாறு, ஒரு தோட்டத்தில் வாழ்ந்தவர்களின் பெயர்கள், ஓர் எழுத்தாளரின் வாழ்நாள் உழைப்பு ஆகியவை இன்று பி.டி.எப். வடிவில்தான் அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. தேடிக் கிடைக்காத நூல், பூட்டிய அலமாரியில் இருக்கும் நூலுக்குச் சமம். ஆகவே அனுப்புவதற்கு முன் மூன்று சோதனைகள் செய்யுங்கள். எழுத்துருக்கள் உட்பொதிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பத்தியை நகலெடுத்து வேறு கோப்பில் ஒட்டிப் பாருங்கள். அந்த எழுத்துரு இல்லாத வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ திறந்து பாருங்கள்.

பி.டி.எப். வந்துவிட்டது என்று மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். நாளை ஒரு பெயரைத் திருத்தவும், சரியான தமிழை மீட்கவும் கைகொடுக்கப்போவது அதுதான். மூலமும் எழுத்துருவும் பி.டி.எப். கோப்பும் ஒரே உறையில், இரண்டு இடங்களில் இருக்கட்டும்.