சாதி கேட்காது, சொத்து கேட்கும்



கூட்டம் தொடங்கும் முன் கச்சிராயபாளையத்தில் இருந்து வந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, வங்கிக்குப் போனால் எந்தத் தெரு என்று பார்க்கிறார்கள், ஜாமீன் கேட்கிறார்கள். கிரிப்டோ யாரிடமும் சாதி கேட்பதில்லையே, அது நமக்கான பணம்தானே?"

சிரித்துவிட்டுப் போகிற கேள்வி அல்ல இது. 2009இல் தொடங்கிய பிட்காயினுக்கு மேலாளர் கிடையாது, கையெழுத்து கிடையாது. சொந்த நாட்டுப் பணம் சரிந்து மதிப்பிழந்த வெனிசுவேலாவில் சேமிப்பைக் காப்பாற்றச் சிலருக்குக் கிரிப்டோ உதவியது. நமக்கு உதவுமா?

பணம் அனுப்பவா? கல்வராயன் மலையிலிருந்து வெளியூர் வேலைக்குப் போனவர் யுபிஐயில் கட்டணமின்றி வீட்டுக்கு அனுப்புகிறார். பிட்காயினில் 2024 ஏப்ரலில் ஒரு நாள், ஒரு பரிமாற்றத்தின் சராசரிக் கட்டணமே 100 டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டு நூறு நாள் வேலையின் தினக்கூலி தமிழ்நாட்டில் 319 ரூபாய். ஏறத்தாழ 26 நாள் கூலி!

சேமிக்கவா? 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் 69,000 டாலரைத் தொட்டது. ஓராண்டில் 16,000 அளவுக்கு விழுந்தது. பிறகு ஏறியதே என்பார்கள். ஏறும்வரை காத்திருக்க யாரால் முடியும்? பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியவர் விழுந்த விலைக்கே விற்பார். கையில் காசுள்ளவர் அதை வாங்கி வைப்பார்.

பிட்காயின் 2.1 கோடிக்கு மேல் வெளிவராது, பாபாசாகேப் கேட்டதும் இதுதான் என்று சிலர் சொல்கிறார்கள். 1923இல் வெளிவந்த 'ரூபாயின் பிரச்சினை' நூலில் நாணய வெளியீட்டுக்கு அவர் வரம்பு கேட்டது உண்மை. எதற்காக? ரூபாயின் வாங்கும் சக்தி நிலையாக இருக்க வேண்டும் என்பதற்காக. விலை ஏறும் வேகத்தில் கூலி ஏறாது, இழப்பு உழைப்பவர் தலையில்தான் விழும் என்று கண்டவர் அவர். ஓராண்டில் முக்கால் பங்கு மதிப்பை இழக்கும் ஒன்றுக்கு அவர் பெயரைச் சொல்லாதீர்கள்.

இனி தம்பியின் கேள்விக்கு நேராக வருகிறேன். கிரிப்டோவிலும் கடன் உண்டு. ஆனால் பொதுவாக வாங்கும் கடனைவிட அதிக மதிப்புள்ள கிரிப்டோவை முதலில் ஈடு வைக்க வேண்டும். அது சாதி கேட்காது, சொத்து கேட்கும். நம் நாட்டில் யாரிடம் சொத்து இருக்க வேண்டும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகத் தீர்மானித்தது எது?

கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகிர்தார்களின் ஆதிக்கம் இருந்தது. அதை முடித்து வைத்தது எந்தக் கருவியும் அல்ல, சட்டம். வங்கி மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம், மறியல் செய்யலாம். கிரிப்டோவில் ரகசியச் சொற்றொடர் தொலைந்தால் யார் வாசலில் உட்காருவோம்?

தம்பி, வங்கி திருப்பி அனுப்பிய அந்த விண்ணப்பத்தை நாளை எடுத்து வாருங்கள். தாட்கோ கடனுக்கு வழி இருக்கிறதா பார்ப்போம். மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் தரச் சொல்லிச் சேர்ந்தே போய்க் கேட்போம்.

ஜெய்பீம்.