38 பேரும் 151 பேரும்

என் ஆசிரியர்கள் அமர்ந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்திருக்கிறீர்கள். பெருமையாக இருக்கிறது, கொஞ்சம் படபடப்பாகவும் இருக்கிறது.

‘மனச்சோர்வுக்கு அக்குபஞ்சர்: இன்றைய நிலை’ என்பது இந்தக் கருத்தரங்கின் தலைப்பு. இன்றைய நிலையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 2018-இல் வந்த காக்ரேன் மீளாய்வு 64 ஆய்வுகளையும் 7,104 பேரையும் கணக்கில் எடுத்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குச் சோர்வு ஓரளவு குறைந்திருக்கலாம் என்றது; சான்றுகளின் தரம் தாழ்வு என்றும் சேர்த்தே சொன்னது. விவரங்களைக் கட்டுரையாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்த இரண்டு ஆய்வுகளைப் பற்றிப் பேச வேண்டும்.

1998-இல் ஜான் ஆலன், ரோசா ஷ்னையர் குழுவினர் 38 பெண்களிடம் செய்த ஆய்வை இங்கே அறியாதவர் இல்லை. மனச்சோர்வுக்கென்று தேர்ந்த புள்ளிகளில் ஊசி போட்டால் பலன் கூடும் என்று நம் அக்குபஞ்சர் துறைக்கே நம்பிக்கை தந்த ஆய்வு அது. 2006-இல் அதே ஆலன் 151 பேரை வைத்து மறுபடி சோதித்தார். எட்டு வாரம், 12 முறை ஊசி. மனச்சோர்வுக்கென்று தேர்ந்த புள்ளிகளுக்கும் மற்றப் புள்ளிகளுக்கும் பலனில் வேறுபாடு தெரியவில்லை. இரு பிரிவினருமே காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிடத் தேறினார்கள், அவ்வளவுதான். அக்குபஞ்சரை மட்டுமே தனிச் சிகிச்சையாக நம்புவதற்கு இந்த முடிவு ஆதாரமாகவில்லை. தம் முந்தைய முடிவுக்கு எதிரானதைத் தாமே அச்சேற்றிய ஆலனின் நேர்மையை நான் வணங்குகிறேன்.

நம் கட்டுரைகளில் அந்த 38 பேர் தவறாமல் வருகிறார்கள். 151 பேர் வருவதே இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் இதைச் சொன்னேன். “இருக்கிற வீட்டுக்கே கொள்ளி வைக்கிறீர்களே” என்று மூத்த நண்பர் ஒருவர் வருத்தப்பட்டார். அவர்மேல் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு. ஆனால் அன்று சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் திரும்பப் பெறவில்லை.

அக்குபஞ்சரை ஏற்காத மறுபக்கத்து நண்பர்களோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஒப்பீட்டுக்காகப் போட்டதைப் ‘போலி ஊசி’ என்று அவர்கள் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அரிசோனாவில் போட்டது தோலைத் தொட்டதும் பிடிக்குள் உள்வாங்கிக்கொள்ளும் ஊசி அல்ல. தோலுக்குள் இறங்கிய மெய்யான ஊசி. 1998 ஆய்வில் அது அந்தந்தப் பெண்ணின் வேறொரு உபாதைக்கு, முதுகுவலி போன்ற ஒன்றுக்கு, உரிய புள்ளிகளில் இறங்கியது. புருவ மத்தியில், நாம் பொட்டு வைக்கும் இடத்தில், யின்டாங் புள்ளியில் குத்தினால் மனச்சோர்வுக்கு; இடுப்பில் குத்தினால் வேறு நோய்க்கு. இந்தக் கோட்டை யார் கிழித்தது?

இங்கேதான் நாம் புரட்டாத ஒரு பழைய ஆய்வு எனக்கு நினைவு வருகிறது. 1980-இல் மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மன் சீனாவின் சாங்ஷா நகரில், ஹூனான் மருத்துவக் கல்லூரியில், ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சீட்டு எழுதப்பட்ட 100 பேரைப் பரிசோதித்தார். அவர்களில் 87 பேருக்குக் கடும் மனச்சோர்வு இருந்தது. வந்தவர்கள் சொன்னதோ பெரும்பாலும் தலைவலி, தூக்கமின்மை, தலைச்சுற்றல். நரம்புத் தளர்ச்சி என்ற சொல் நம் ஊர்ச் சுவர்களிலும் உண்டு. உடம்பைச் சொல்லித்தான் மனத்தைச் சொல்ல முடிகிறவர்களுக்கு முதுகுவலி எப்படி வேறு நோயாகும்?

இங்கிலாந்தில் யார்க் குழுவினர் 755 பேரிடம் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்விலும் பாதிப் பேருக்கு வலி இருந்தது. வலியுள்ளவர்களுக்கு உளவள ஆலோசனையைவிட ஊசியிலேயே சோர்வு அதிகம் குறைந்தது. ஒப்பீட்டு ஊசி அந்த ஆய்வில் இல்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். புள்ளிக்குத் தனிச் சக்தி உண்டு என்ற வாதம் அரிசோனாவில் தோற்றுவிட்டது. வலியோடு வரும் மனச்சோர்வு தனியே சோதிக்க வேண்டிய ஒன்றா என்ற கேள்வி தோற்கவில்லை; அதை நாம் இன்னும் சரியாகக் கேட்கவே இல்லை.

ஆகவே கட்டுரை படிக்க வந்திருக்கும் இளைஞர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். 1998-ஐச் சொல்லும் இடத்தில் 2006-ஐயும் சொல்லுங்கள். முதல் நாளே நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அதை நிறுத்தச் சொல்லும் உரிமையை இந்த ஆய்வுகளில் எதுவும் நமக்குத் தரவில்லை.