வானிலிருந்து பயிர்நோய் காணல்

(பயிர்ப் பாதுகாப்புக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரை)



நம் நாட்டில் தொலையுணர்வு முறை தொடக்கக் காலத்திலேயே ஒரு பயிர்நோயைத் தேடிச் சென்றது. 1970ஆம் ஆண்டளவில் பேராசிரியர் பி. ஆர். பிஷரோட்டியும் அவருடன் பணியாற்றிய விஞ்ஞானிகளும் கேரளத்தின் தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் படம் பிடித்தனர். அவர்கள் தேடியது வேர் வாடல் நோய். அத்தகைய படத்தில் நலமான மரம் நல்ல சிவப்பாக விழும். நோயுற்ற மரம் மங்கித் தோன்றும். பசுமையான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளியில் ஏறத்தாழப் பாதியைத் திருப்பி அனுப்புகிறது. இலையின் உள்ளமைப்புச் சிதைந்தால் இப்பிரதிபலிப்புக் குறைகிறது. முறையின் அடிப்படை இவ்வளவுதான்.

ஆனால் படம் காட்டுவது பயிரின் நலிவை. நலிவின் காரணத்தை அன்று. நீர்ப் பற்றாக்குறை, தழைச்சத்துக் குறைவு, பூச்சித் தாக்குதல் ஆகிய மூன்றும் வானிலிருந்து ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியக்கூடும். வயலில் இறங்கி இலையைப் புரட்டிப் பார்ப்பவர் ஒருவர் இன்றியமையாதவர்.

1988இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளின் முதல் வகைக் காமிராவில் படத்தின் ஒரு புள்ளி 72.5 மீட்டர் சதுரத்தைக் குறித்தது; அதாவது அரை ஹெக்டேருக்குச் சற்று மிகுதி. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நம் உழவரின் சராசரி நிலவுடைமை 1.08 ஹெக்டேர். இரண்டே புள்ளிகளில் ஒருவருடைய நிலம் முழுவதும் அடங்கிவிடும். அதே இடத்தை அக்கோள் மீண்டும் காண 22 நாட்கள் ஆயின. இன்று ஐரோப்பியச் சென்டினல்-2 கோள்கள் 10 மீட்டர் நுட்பத்தில், ஐந்து நாட்களுக்கு ஒருமுறை, கட்டணமின்றிப் படம் தருகின்றன. ஆகவே, படம் கிடைக்கவில்லை என்ற குறை பெரும்பாலும் நீங்கிவிட்டது.

எனினும் எல்லாப் பூச்சிகளும் இதற்கு அகப்படுவதில்லை. நெற்பயிரைத் தாக்கும் புகையான் தூரின் அடியில் ஒளிந்து சாற்றை உறிஞ்சுகிறது. வட்ட வட்டமாகப் பயிர் கருகுவது வானிலிருந்து தெளிவாகத் தெரியும்போது, அந்த வட்டத்தின் விளைச்சல் போய்விட்டிருக்கும். (பயிர் புகைந்தாற்போல் ஆவதைக் கண்டுதானே உழவர் அதற்கு அப்பெயர் இட்டனர்!) மேலும் குறுவை, காரிப் பருவங்களில் மேகம் திரையிடுகிறது. ராடார் கோள் மேகத்தை ஊடுருவும். இலையின் நிறமாற்றத்தை அறியாது.

கோதுமையின் மஞ்சள் துரு நோய் வேறு வகை. பஞ்சாப், அரியானா மாநிலங்களில் அது பெரும்பாலும் மலையடிவார மாவட்டங்களில் முதலில் தலைகாட்டி, பின்னர் சமவெளிக்குப் பரவுகிறது. மூடுபனி நாட்கள் நீங்கலாக, அப்பருவத்தில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். முதல் திட்டுக்களிலேயே மருந்து தெளித்தால், மாவட்டம் முழுவதும் தெளிக்கும் செலவு மிச்சமாகும். தொலையுணர்வுக்குச் செலவிடும் பணம் பலன் தரும் இடம் இதுவே என்பது என் கருத்து.

பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். தகவலின் விலை அது வந்துசேரும் நாளைப் பொறுத்தது. 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், 2023 முதல் நெல், கோதுமை மகசூலை மதிப்பிடத் தொலையுணர்வுத் தரவும் சேர்க்கப்படுகிறது. அது தேவையே. ஆனால் இழப்பை அளக்கப் பயன்படும் அதே படம், இழப்புக்கு முன்னரே உழவருக்குப் பயன்பட்டிருக்கலாம் அல்லவா? 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தேசியப் பூச்சிக் கண்காணிப்பு முறையில் உழவர் தம் கைபேசியில் எடுத்த படத்தை அனுப்பி ஆலோசனை பெறலாம். வானத்துப் படத்தையும் வயலில் எடுத்த இப்படத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

விரிவாக்க அலுவலர் ஒருவரின் பொறுப்பில் பல கிராமங்கள் உள்ளன. ஐயத்திற்குரிய பத்து வயல்களின் பட்டியல் திங்கட்கிழமை காலையில் அவர் கையில் இருந்தால், அந்த வாரத்திலேயே அவற்றை நேரில் பார்த்துவிடுவார். அப்பட்டியலை மாவட்டந்தோறும் அனுப்ப ஆகும் செலவு, கோளை ஏவும் செலவோடு ஒப்பிடுகையில் மிகச் சிறிது. வரும் கோதுமைப் பருவத்திலேயே மலையடிவார மாவட்டங்கள் சிலவற்றில் இதைத் தொடங்கலாம்.