பாதைக்குரிய உரிமையைக் கொடுப்போம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் திண்டுக்கல் வணிகத்தால் வளர்ந்த ஊர். பூட்டு, தோல், புகையிலை, வெங்காயம் என்று சொன்னாலே வெளியூரார் நம்மை நினைப்பர். 1755-இல் ஹைதர் அலி இங்கு பௌஜ்தாராக வந்தார். அவருடைய சகோதரி அமீருன்னிஸா பேகத்தின் நினைவாகவே பேகம்பூர் என்னும் பெயர் வழங்குகிறது என்பர். 1866-இல் நகராட்சியான இவ்வூர் 2014-இல் மாநகராட்சியாக உயர்ந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2,07,327. ஆனால் மக்கள் பெருகிய அளவுக்கு நம் கடைவீதிகள் அகலவில்லை. நடக்க இடமில்லாத வீதிக்குக் குடும்பத்தோடு வர யாரும் விரும்புவதில்லை. வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் பொருள் வாங்கும் இக்காலத்தில், வராமற்போன வாடிக்கையாளரைத் திரும்ப அழைப்பது எளிதன்று.

2015-இல் மத்திய அரசின் சீர்மிகு நகரத் திட்டத்திற்குத் தமிழகத்திலிருந்து முன்மொழியப்பட்ட 12 நகரங்களுள் திண்டுக்கல்லும் ஒன்று. இறுதியில் 11 நகரங்கள் தேர்வாயின. விடுபட்டது நம் ஊர். அது வருத்தத்திற்குரியதே. எனினும் அத்திட்டம் பிற ஊர்களில் செய்ததைப் பார்த்து நாம் பாடம் கற்கலாம். சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. வாகனங்களுக்கு இருந்த இடத்தைக் குறைத்து, நடப்பவர்க்கு இடம் கூட்டினார்கள். அங்கே நடைபாதையில் கடை வைத்திருந்தோர்க்கு 2013-லேயே தனிக் கட்டடத்தில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. நடப்பவரே வாங்குபவர் என்னும் எளிய உண்மையின்மேல் அமைந்த வேலை அது.

இந்த உண்மை நமக்குப் புதியதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் பள்ளிவாசலை அமைத்ததோடு நில்லாமல், முஸ்லிம்களுக்கெனச் சந்தையையும் அமைத்தார்கள். அதில் வரி விதிக்கலாகாது என்றும் கட்டளையிட்டார்கள். அச்சந்தையில் நிரந்தர இடம் யாருக்கும் இல்லை; முதலில் வந்தவர் அன்று மாலைவரை அமர்ந்து விற்பார் என்பது வரலாறு. பாதையில் அமர வேண்டாம் என்று தோழர்களைத் தடுத்த நபியவர்கள், அமர்ந்தே ஆகவேண்டுமெனில் பாதைக்குரிய உரிமையைக் கொடுங்கள் என்றும், பிறருக்குத் தொல்லை தராதிருப்பது அவ்வுரிமைகளுள் ஒன்று என்றும் விளக்கியதை நாம் அறிவோம்.

இந்த அளவுகோலால் நம்மையே அளந்து பார்ப்போம். நம் கடைப் பலகை எவ்வளவு தூரம் வீதிக்குள் நீண்டிருக்கிறது? நம் சரக்கு மூட்டைகள் யாருடைய பாதையில் அடுக்கப்பட்டிருக்கின்றன? வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் நம் வாகனங்கள் அக்கம்பக்கத்துக் கடைகளின் வாசலை அடைத்துவிட்டால், அந்த ஒரு மணி நேர வியாபாரத்தை இழப்பவர் நம் அண்டைவீட்டார் அல்லவா? தொழுகைக்கு விரைந்து செல்வது நன்மை. அதற்காகப் பிறர் பிழைப்பை மறிப்பது நன்மையாகாது.

பிறர் உரிமையைப் பேணாத வணிகம் இறுதியில் தன்னையே கெடுத்துக்கொள்ளும். தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது குறித்த வழக்கில், 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போது திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்கூடங்கள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் செலுத்த வேண்டியதாயிற்று. அத்தொழிலை நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட வேதனையை நம்மில் பலர் நேரில் கண்டவர்கள். அண்டையாரின் கிணற்றை முன்னரே நினைத்திருந்தால் அந்நிலை வந்திருக்குமா?

அதே வேளையில், வீதியைச் சீராக்குவதென்றால் தள்ளுவண்டிக்காரரை விரட்டுவது என்று பொருளாகிவிடக் கூடாது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் தெருவோர வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்கவேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்கவேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும் முன்னர் ஒருவரை அப்புறப்படுத்தலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. இதை அறியாமலேயே பழம் விற்கும் தாய்மார்களும், பாத்திரம் விற்கும் பெரியவர்களும் நம் மஹல்லாவில் இருக்கிறார்கள்.

நம் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் காக்கப்பட்டது, ஆனால் அலிகாரின் இயந்திரப் பூட்டுகளின் விலையோடு போட்டியிட இயலாமல் கைவினைஞர்கள் குறைந்து வருகிறார்கள். குறியீடு இருந்தும் தொழிலாளி இல்லையெனில் அப்பெயரால் பயன் என்ன?

ஆகவே ஜமாஅத்தார் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, கடை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் தத்தம் எல்லைக்கோட்டுக்குள் தாமாகவே திரும்புவது. ஜும்ஆ நாளில் வாகனங்களை ஒழுங்குபடுத்த இளைஞர்களை நியமிப்பது. இரண்டாவது, மஹல்லாவின் தெருவோர வியாபாரிகள் அனைவரும், எச்சமயத்தவராயினும், விற்பனைச் சான்றுக்கு விண்ணப்பிக்க உதவுவது. மூன்றாவது, பூட்டுத் தொழிலாளிக்கும் சிறு வியாபாரிக்கும் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லா அழகிய கடன் வழங்குவது. இம்மூன்றிற்கும் அரசாணைக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

மாநகராட்சி செய்யவேண்டியவை பல உண்டு. வடிகால், கழிப்பறை, வாகன நிறுத்துமிடம் ஆகியவற்றை நாம் கேட்கத்தான் வேண்டும். நம் படிக்கட்டை நாமே பின்னுக்கு இழுத்துக்கொண்டு கேட்கும்போது, அக்கோரிக்கைக்கு வலிமை கூடும்.

நம் வணிகத்தில் பரக்கத்தையும், நம் வீதிகளில் எல்லோருக்கும் இடத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.