பையை எடுத்து வரப் போனவர்



இந்த நினைவுப் பேருரையில் கவிதை பற்றியோ தன்வரலாறு பற்றியோ பேசுவதுதான் நம் அமைப்பின் வழக்கம். இந்த முறை ஓர் ஓவியரின் கருவிகளைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்தோம். அதற்குக் காரணம் மாலையிட்ட படத்தில் இருக்கிற நம் தோழர்தான். அவர் மறைந்த பிறகு, எழுதியவற்றைத் தொகுத்து நூலாக்கலாம் என்று வீட்டுக்குப் போனோம். கையெழுத்துப் படிகள், கடிதங்கள், கூட்ட நோட்டீசுகள் எல்லாம் கிடைத்தன. கிளம்பும்போதுதான் எங்களில் ஒருவருக்கு அந்தச் சாக்குப் பை ஞாபகம் வந்தது. பிரஷ்கள், நீலப்பொடி டப்பா, கோடு போடுகிற நூல், கரித்துண்டு. அந்தப் பை இல்லாமல் அவர் எந்த ஊருக்கும் போனதில்லை. தோழரின் துணைவியாரிடம் கேட்டோம். "எல்லாம் காஞ்சு கட்டையாக் கெடந்துச்சு, வெந்நி அடுப்புல வச்சிட்டேன். நீங்க யாரும் கேக்கலையேப்பா" என்றார். அவர் சொன்னது சரி. கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

அவருடைய கவிதைகளைப் படித்தவர்களைவிட அவருடைய சுவர்களைப் படித்தவர்கள் பல மடங்கு அதிகம். ஆனாலும் இலக்கியம் என்று நாங்கள் தேடிப் போனது தாள்களை மட்டும்தான்.

இந்த வருத்தத்தோடுதான் எமரி டக்ளசைப் பற்றிப் பேச வருகிறோம். கருஞ்சிறுத்தைக் கட்சியின் பண்பாட்டு அமைச்சர். 1966 அக்டோபரில் ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் ஓக்லாந்தில் தொடங்கிய கட்சி அது. 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜெ.வி. பவார், ராஜா தாலே போன்றோர் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்தபோது கண்முன் வைத்திருந்தது அந்தக் கட்சியைத்தான். 1982இல் மதுரையில் மலைச்சாமி தொடங்கிய இந்திய தலித் சிறுத்தைகள் வழியாக அந்தப் பெயர் நம்மிடமும் வந்து சேர்ந்தது. பெயர் வந்தது, முழக்கம் வந்தது. அந்தக் கட்சியின் பத்திரிகையை வரைந்த கை எதை வைத்து வரைந்தது என்று நாம் கேட்டுக்கொண்டதில்லை.

அந்தச் சிறுத்தைப் படத்துக்கே ஒரு கதை உண்டு. அது ஓக்லாந்தில் பிறந்ததல்ல. அலபாமா மாநிலத்தின் லௌண்டஸ் வட்டத்தில் கறுப்பின மக்கள் தனிக்கட்சி அமைத்து, 1966 தேர்தலில் கருஞ்சிறுத்தையைச் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளர்கள் நிறையப் பேர் என்பதால் வாக்குச்சீட்டில் கட்சிகளுக்குச் சின்னம் இருந்தாக வேண்டும். எதிரே ஆளும் வெள்ளையர் கட்சிக்குச் சேவல் சின்னம். சின்னம் பார்த்து ஓட்டுப் போட்டுப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எழுத்து எட்டாத இடத்துக்குப் படம் போகும் என்ற கணக்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

எமரி 1943இல் பிறந்தவர். சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்தார். பையனாக இருக்கும்போது கலிபோர்னியாவின் ஒண்டேரியோ என்ற ஊரில் இளைஞர்களை அடைத்துவைக்கும் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருக்கு அச்சுக்கூடத்தில் வேலை. பிறகு சான் பிரான்சிஸ்கோ சிட்டி கல்லூரியில் வணிக ஓவியம் படித்தார். அதாவது விளம்பரப் படம், பக்க வடிவமைப்பு, அச்சுக்குத் தயார் செய்வது. மாணவ நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

கட்சிப் பத்திரிகையின் முதல் இதழ் 1967 ஏப்ரல் 25 அன்று வந்தது. ரிச்மண்டில் காவல்துறை சுட்டுக்கொன்ற டென்சில் டவல் என்ற இளைஞரைப் பற்றிய இதழ். தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைலில் ஓட்டி, ஓரத்தில் பின் அடித்த தாள்கள். நம் சிறுபத்திரிகைக்காரர்கள் மை படிந்த கையோடு எத்தனை இதழ் அப்படி ஓட்டியிருக்கிறார்கள்! பாபி சீல் அந்தத் தாளோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்த எமரி, வீட்டில் தன்னிடம் சாமான்கள் இருப்பதாகவும் உதவ முடியும் என்றும் சொன்னார். எழுந்து வீட்டுக்கு நடந்துபோய், கல்லூரிப் படிப்புக்காக வைத்திருந்த பொருட்களை எடுத்து வந்தார். அந்த நடையிலிருந்துதான் இன்று உலகம் அறிந்த அந்தப் பத்திரிகையின் முகம் உருவானது.

அவருடைய கருவிகள் என்ன? மார்க்கர் பேனா, மைப்பேனா. தேய்த்தால் தாளில் எழுத்து ஒட்டிக்கொள்ளும் லெட்ராசெட் போன்ற தாள்கள். முன்பே புள்ளியும் கோடும் பூவேலையும் அச்சிட்ட தாள்கள். வேண்டிய வடிவத்தில் வெட்டி ஓவியத்தின் மேல் ஒட்டினால் அது சேலையாகும், சுவராகும், நிழலாகும். எல்லாம் விளம்பர அலுவலகத்து மேசையில் கிடக்கிற சாமான்கள்தான். எண்ணெய் வண்ணம் இல்லை, கித்தான் இல்லை.

இந்தச் சாமான்களுக்குப் பின்னால் அச்சின் கணக்கு இருக்கிறது. அச்சுக்கூடத்துக் கேமராவுக்கு அந்தக் காலத்தில் கறுப்பு தெரியும், வெள்ளை தெரியும். பென்சிலின் மெல்லிய சாம்பல் நிறம் அதில் காணாமல் போய்விடும். சாம்பல் வேண்டுமென்றால் புள்ளிகளாகக் கொடுக்க வேண்டும். மலிவான பத்திரிகைத் தாளில் மை பரவும், மெல்லிய கோடு கலங்கும். தடித்த கோடு தாங்கும். எமரியின் ஓவியங்களில் உருவத்தைச் சுற்றி வருகிற அந்தத் தடித்த கறுப்புக் கோட்டைப் பாருங்கள். மரச்செதுக்கு ஓவியம் அவருக்குப் பிடித்தது. ஆனால் வாரப் பத்திரிகைக்கு மரம் செதுக்கிக்கொண்டிருக்க நேரம் ஏது? அதனால் மார்க்கராலும் பேனாவாலும் மரச்செதுக்கின் தோற்றத்தைக் கொண்டுவந்தார்.

நிறமும் அப்படித்தான். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தகடு, தனி மை, தனிச்செலவு. பெரும்பாலும் கறுப்போடு இன்னொரு நிறத்துக்கு மட்டுமே பணம் இருக்கும். ஓவியத்தின் மேல் இன்னொரு தாளைப் பொருத்தி, எங்கே நிறம் வர வேண்டுமோ அங்கே மட்டும் கறுப்பால் நிரப்ப வேண்டும். அச்சில்தான் அது ஆரஞ்சாகவோ பச்சையாகவோ மாறும். வரையும்போது கண்ணுக்குத் தெரியாத நிறத்தை மனதில் பார்த்து வரைகிற வேலை இது.

அந்தக் கோடுகளுக்குள் இருந்தவர்கள் யார்? விளக்குமாறு பிடித்த தாய். எலியும் கரப்பானும் ஓடுகிற வாடகை வீடு. துப்பாக்கியோடு நிற்கும் பெண்கள். காவல்துறையைப் பன்றியாக வரைந்ததும் அந்தப் பேனாதான். பத்திரிகையின் பின்பக்கத்தைச் சுவரொட்டியாகப் பிரித்து ஒட்டினார்கள். எங்கள் மக்கள் படித்துத் தெரிந்துகொள்வதைவிடப் பார்த்துத் தெரிந்துகொள்கிறவர்கள் என்று தலைவர்கள் தன்னிடம் சொன்னதாக எமரி பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அவர் தனியாகவும் வரையவில்லை. கட்சியில் முதலில் சேர்ந்த பெண்ணான டாரிக்கா லூயிஸ், மாட்டிலாபா என்ற பெயரில் அதே பத்திரிகையில் வரைந்தார். அவர் பெயரைச் சொல்லாமல் எமரியை மட்டும் கொண்டாடுவது நாமும் செய்கிற தவறுதான்.

குறித்துக்கொள்ளச் சொன்ன இடத்துக்கு வருகிறோம். நம் ஓவியத்தையும் எழுத்தையும் பாராட்டுகிறவர்கள் வழக்கமாக எடுக்கிற சொற்கள் உங்களுக்குத் தெரியும்: கரடுமுரடு, பச்சை, மண்வாசனை. பாராட்டுப் போலத்தான் இருக்கும். உள்ளே ஒரு நஞ்சு உண்டு. இவர்களுக்கு இது பிறவியிலேயே வருகிறது, படித்து வந்ததல்ல என்பதே அதன் பொருள். வேலையைப் பிறப்போடு கட்டிப்போட்ட சாதியின் கணக்கை இப்போது கலைக்கும் கொண்டுவருகிறார்கள். எமரியின் தடித்த கோட்டையும் கோபத்தின் வேகம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். கோபம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் தாள், மை, கேமரா, காசு, வாசகர் என்று அத்தனையையும் அளந்து பார்த்துவிட்டு எடுத்த முடிவு அந்தக் கோடு. அச்சுக்கூடத்தில் கைதியாகக் கற்றதும் கல்லூரியில் மாணவராகக் கற்றதும் அதற்குள் இருக்கின்றன.

நம் தோழரின் பைக்கும் இதே கணக்கு இருந்தது. சுண்ணாம்பில் சொட்டு நீலம் கலந்தால் எவ்வளவு நாள் நிற்கும், பசை எவ்வளவு சேர்த்தால் மழைக்குத் தாங்கும், தெற்குப் பார்த்த சுவரில் எந்த நிறம் சீக்கிரம் வெளுக்கும் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பஸ்ஸில் போகிறவர் கண்ணில் எட்டு எழுத்துக்கு மேல் நிற்காது என்பார். முழக்கத்தைச் சுருக்கச் சொல்லி எங்களோடு சண்டை போடுவார். எங்கள் வாக்கியங்களில் பாதியை வெட்டியது அவருடைய பிரஷ்தான்! இன்னொரு கணக்கும் இருந்தது. எந்தச் சுவர் நமக்குக் கிடைக்கும் என்பது. பிரதான சாலையில் நல்ல சுவரெல்லாம் யாராவது ஆண்டு போட்டுப் பிடித்து வைத்திருப்பார்கள். ஒரு முறை ஊர்ச் சுவர் ஒன்றில் உரிமையாளரே சம்மதித்து எழுதிய அம்பேத்கர் பிறந்தநாள் வாசகத்தை, விடிவதற்குள் சாணி கரைத்து ஊற்றி மூடியிருந்தார்கள். தோழர் சத்தம் போடவில்லை. சாணி காயட்டும் என்று ஒரு நாள் காத்திருந்தார். மறுநாள் அதன் மேலேயே எழுதினார். மெழுகின சுவரில் சுண்ணாம்பு நன்றாகப் பிடிக்கும் என்றார்.

இதெல்லாம் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எமரியின் பத்திரிகை 1980 வரை வந்தது. பிறகு அவர் சான் பிரான்சிஸ்கோவின் கறுப்பினப் பத்திரிகையான சன் ரிப்போர்ட்டரில் வேலை பார்த்தார். 2007இல்தான் லாஸ் ஏஞ்சல்சின் தற்காலக் கலை அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தது. அதற்குள் இருபத்தேழு ஆண்டுகள் ஓடிவிட்டன. பத்திரிகைகளை வீட்டில் மடித்து வைத்திருந்த மக்கள் இருந்ததால்தான் காட்ட ஏதாவது மிஞ்சியது. சுவரை யாரும் மடித்து வைக்க முடியாது.

அதனால் ஒரு வேலையை நாங்கள் தொடங்கியிருக்கிறோம். சுவரெழுத்தர்கள், தட்டி எழுதியவர்கள், மாநாட்டுப் பந்தலுக்குப் படம் வரைந்தவர்கள் ஆகியோரிடம் போய் அவர்கள் கலவையை, கருவியை, கைக்கணக்கைக் கேட்டு எழுதுவது. பிளெக்ஸ் வந்த பிறகு இவர்களில் பலர் பெயிண்ட் அடிக்கவோ வேறு கூலிக்கோ போய்விட்டார்கள். உங்கள் ஊரில் இருக்கிறவர்களின் பெயரை இன்று மாலைக்குள் வாசலில் உள்ள நோட்டில் எழுதுங்கள். படம் எடுக்கிற மாணவர்கள் பழைய சுவர்களை எடுத்து அனுப்புங்கள், பாதி அழிந்திருந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். பை முழுவதும் அடுப்புக்குப் போகவில்லை. ஒரு பிரஷ்ஷைத் தோழரின் பேரன் விளையாட எடுத்து வைத்திருந்தான். போன வாரம் துணைவியார் அதைக் கொடுத்தனுப்பினார். மேசைமேல் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் எடுத்துப் பாருங்கள். மயிரின் அடியில் நீலம் இன்னும் இருக்கிறது.